ஆயில் ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

எங்கள் குடும்பத்தில் ஒரே மாடலில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இன்னொன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மச்சானுடையது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சாயங்காலம் மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலை. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாது. "உங்களுக்குத்தான் மாமா அடிக்கடி ஃபில்டர் மாத்தணும். என் வண்டி சும்மாதானே நிக்குது" என்பான்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் ஓடுகிற விதத்தைப் பார்த்தால் அவன் வண்டி ஆயில்தான் பாவம்.

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் ஃபில்டருக்கென்று தனி நாள் கணக்கு கிடையாது. இன்ஜின் ஆயிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். "ரெண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் சில கார்களின் புத்தகத்திலேயே அப்படி இருந்தது, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய நாட்களில். இன்றைய ஆயில் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் போகிறது, ஃபில்டரும் கூடவே போகிறது. இன்னொரு சுற்றுக்கு அதை விட்டுவைக்கக் கூடாது. சின்ன கார்களுக்கு ஃபில்டர் நூறு, இருநூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது ஆயில் வாங்கி, பழைய ஃபில்டர் வழியாக ஓடவிடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே மறுபடி போட்டுக்கொள்வது மாதிரி. பழைய ஃபில்டருக்குள் சுமார் 200 மில்லி பழைய ஆயில் தேங்கியிருக்கும், அதுவும் புதியதோடு கலக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஃபில்டர் என்பது ஒரு தகர டப்பா. அதற்குள் விசிறி மடிப்பாக மடித்த காகிதம். பம்ப் தள்ளும் ஆயில் அந்தக் காகிதத்தைத் துளைத்துப் போகும்போது உலோகத் துகள், கரி, மண் எல்லாம் அங்கே தங்கிவிடும். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன்; நல்ல ஃபில்டர் அதில் பாதிக்கும் குறைவான துகளையும் பிடிக்கும்.

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது டப்பாவுக்குள் இருக்கும் இரண்டு வால்வுகளை. ஒன்று, இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரிலிருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வால்வு. அது கெட்டுப்போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் இன்ஜின் மேல்பகுதியில் ஆயில் இல்லாமல் 'டக டக' என்று சத்தம் வரும். இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது அல்லவா? அதனால் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே அனுப்பிவிடும். அழுக்கு ஆயில் ஆயிலே இல்லாததைவிடப் பரவாயில்லை என்ற கணக்கு.

இங்கேதான் சிக்கல். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வண்டி நிற்காது, இழுவை குறையாது, டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. பைபாஸ் திறந்து அழுக்கு ஆயில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 'ஏதாவது தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தால் தெரியும்போது இன்ஜினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கும். சிவப்பில் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு விளக்கு உண்டே, அது ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு அல்ல. ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது என்று பொருள். ஓடும்போது அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டாதீர்கள்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

கார் வாங்கும்போது கொடுத்த கையேட்டைப் பெரும்பாலோர் கையுறைப் பெட்டியில் ஆர்.சி. நகலோடு போட்டு மறந்துவிடுகிறோம். அதை எடுத்து சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். மாருதி மாதிரியான கம்பெனிகளில் முதல் சர்வீஸ் 1,000 கிலோமீட்டர், இரண்டாவது 5,000, மூன்றாவது 10,000. அப்புறம் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்று போகும். சில கம்பெனிகள் 15,000 வரை கொடுக்கின்றன. உங்கள் வண்டிக்கு உங்கள் புத்தகம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக் கணக்கு உதவாது.

அதில் 'எது முதலில் வருகிறதோ' என்று இருக்கும். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் வண்டி ஒன்பது மாதத்திலேயே 10,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும், எனக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு. மச்சானுக்கு மாதம்தான் கணக்கு. மூவாயிரமே ஓடியிருந்தாலும் வருடம் முடிந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும்.

வருடம்கூட அவனுக்கு அதிகம் என்பது என் கட்சி. காரணம் அதே புத்தகத்தில், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 'கடுமையான உபயோகம்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தூசி நிறைந்த சாலை, கனமான சுமை, நின்று நின்று போகும் நெரிசல், நீண்ட நேரம் ஐடிலிங் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடுவது), அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது. குறுகிய தூரம் என்றால் எவ்வளவு? ஹூண்டாய் புத்தகத்தில் சாதாரண வெப்பநிலையில் 8 கிலோமீட்டருக்குக் குறைவான ஓட்டத்தை அப்படிச் சொல்கிறார்கள். முத்தியால்பேட்டையிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். புதுச்சேரிக்குள் யாராவது 8 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டினால் அவர் ஊரைவிட்டுத்தான் போய்க்கொண்டிருக்கிறார்!

சின்ன ஓட்டம் ஏன் கெடுதல்? பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். கொஞ்சம் நீராவியும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ஓரமாக ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகிப் போய்விடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்றால் தண்ணீர் சூடாகிவிட்டது என்றுதான் பொருள். ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி, நாளாக நாளாகக் கசடாகத் திரளும். அந்தக் கசடு போய் உட்காருகிற இடம் ஃபில்டர் காகிதம். நம் ஊர் வெயிலில் இன்ஜின் சீக்கிரம் சூடாகும், குளிர் தேசம் அளவுக்கு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் இரண்டு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர்தான்.

என் வண்டி தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி என்று ஒரே வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஆயில் நன்றாகக் காய்ந்து சுத்தமாகிறது. சுலபமான கிலோமீட்டர்.

ஆக, நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. பெரும்பாலும் ஹைவே ஓட்டம் என்றால் புத்தகத்தில் போட்டிருப்பது போதும், அதைத் தாண்டி ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஊருக்குள் மட்டும் சுற்றும் வண்டி, ராஜீவ் காந்தி சிலை சிக்னலிலும் இந்திரா காந்தி சிலை சிக்னலிலும் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் வண்டி, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஊர்ந்து போகும் வண்டி என்றால் பாதி: 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம். மண் லாரி போகும் சாலையில் தினமும் போகிறவர்களுக்கும் இதே. டர்போ பெட்ரோல் வண்டிக்கு நான் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றச் சொல்வேன், புகைக் காற்றின் சூட்டில் சுழலும் டர்போ ஆயிலை வறுத்தெடுக்கும். சி.என்.ஜி. வண்டியில் ஆயில் கறுக்காமல் பளிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டீசல் இதற்கு நேர்மாறு. மாற்றிய சில நாட்களிலேயே மை மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நிறத்தை வைத்து ஃபில்டர் நிலைமையைச் சொல்ல முடியாது.

பழைய கார் வாங்கியவர்களா? முன் சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, பில் கையில் இல்லையென்றால் வாங்கிய வாரமே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு அன்றைய மீட்டரை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது

இரண்டு வகை உண்டு. டப்பாவோடு திருகிக் கழற்றும் வகை ஒன்று. இன்ஜினிலேயே நிரந்தரமாக ஒரு கூடு இருந்து, உள்ளே காகிதத்தை மட்டும் மாற்றும் வகை இன்னொன்று. இரண்டாவதில் மூடியின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) சேர்ந்து வரும்; அதையும் மாற்ற வேண்டும், பழையதையே போட்டு மூடினால் கசியும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், வருடத்துக்கு ஒரு இன்ஜின் என்று வந்திருக்கும். ஆர்.சி. படத்தைக் காட்டுங்கள், அல்லது பழைய ஃபில்டரின் பார்ட் நம்பரை போனில் படம் எடுத்துப் போங்கள். மரை ஒன்றாக இருந்தாலும் உள்ளே பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம், கையில் பிடித்துப் பார்த்து 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று வாங்க வேண்டாம். கம்பெனி ஃபில்டர்தான் வேண்டுமா என்றால், அவசியமில்லை; பெயர் பெற்ற ஃபில்டர் கம்பெனிகளுடையது போதும். டூப்ளிகேட்தான் ஆபத்து. ஓட்டைகள் வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். ரப்பர் வால்வு மிருதுவாக, ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு, பெட்டியில் விலையும் தயாரித்த தேதியும் இல்லாமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு கொசுறுச் செய்தி. காருக்கு ஆயில் ஃபில்டர் என்பதே 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கியதிலிருந்து பரவியது. அதற்கு அவர் வைத்த பெயர் பூரோலேட்டர். 'பியூர் ஆயில் லேட்டர்' என்பதன் சுருக்கம்.

ஒர்க்ஷாப்பில் விடும்போது

வாரண்டி இருக்கும்வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் விடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். வெளியே விடுவதானால் பக்கத்தில் நில்லுங்கள். நான் அப்படி நிற்கக் கற்றுக்கொண்டதற்கு ஒரு கதை இருக்கிறது. புது ஃபில்டர் மாட்டும்போது அதன் மேல் மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. ஒருமுறை ஓர் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பில்லில் ஆயில், ஃபில்டர், லேபர் எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால், போன வருடம் நான் எழுதிய தேதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதும், "பையன் மறந்துட்டான் சார்" என்று மாற்றிக் கொடுத்தார்கள். மறந்தானோ என்னவோ, அன்றிலிருந்து பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. நீங்களும் மார்க்கரில் எழுதுங்கள். இரண்டு நொடி வேலை.

நீங்களே மாற்றுவதானால்

முடியும். ஒன்றரை மணி நேரம், பொறுமை, ஒரு பழைய லுங்கி வேண்டும். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சாய்வு மேடை அல்லது உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். அது இல்லையென்றால் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஒர்க்ஷாப்புக்கே போங்கள், வெட்கமில்லை.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து வடியும்; நீண்ட ஓட்டம் முடித்து வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். அகலமான தட்டைக் கீழே வைத்து ஆயில் சேம்பரின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள், பல வண்டிகளில் 14 அல்லது 17-ம் நம்பர் ஸ்பேனர். கடைசி மரைகளைக் கையால் கழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டென்று விலக்குங்கள், இல்லாவிட்டால் போல்ட் தட்டுக்குள் விழுந்து நீங்கள் கசாயத்தில் துழாவ வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் சொட்டு நிற்கும்வரை விடுங்கள். புது வாஷர் போட்டு போல்ட்டை மாட்டுங்கள். பல வண்டிகளில் சேம்பர் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

அடுத்தது ஃபில்டர். கைக்கு அசையவில்லையென்றால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பாருங்கள், அதற்கும் வராவிட்டால் ஃபில்டர் ரெஞ்ச். கடலோரத்தில் வண்டி நிற்கும் வீடுகளில் டப்பா துருப்பிடித்து இறுகியிருப்பது சகஜம். ஸ்க்ரூடிரைவரைக் குத்திச் சுற்றும் வித்தையைச் சிலர் செய்வார்கள். தகரம் கிழிந்து அடிப்பாகம் மட்டும் இன்ஜினில் தங்கிவிட்டால் அப்புறம் படாத பாடுதான், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழலும்போது உள்ளிருக்கும் ஆயில் வழியும். பனியன் வேஸ்ட் கையில் இருக்கட்டும்.

இப்போது கவனம். கழற்றிய ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உரித்து எடுக்க வேண்டும். நான் முதன்முதலாகச் செய்தபோது பார்க்கவில்லை. பழைய வளையத்தின் மேல் புது வளையம் உட்கார்ந்துவிட்டது. வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூட இல்லை. ரெட்டிச்சாவடி தாண்டியதும் சிவப்பு விளக்கு. இறங்கிப் பார்த்தால் இன்ஜினுக்கு அடியில் கறுப்பாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. உடனே அணைத்ததால் இன்ஜின் தப்பியது. நான் தப்பவில்லை, இன்றைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவுங்கள். கையால் திருகுங்கள். வளையம் இன்ஜினைத் தொட்டதும் இன்னொரு முக்கால் சுற்று, அவ்வளவுதான். எவ்வளவு என்று டப்பா மேலேயே போட்டிருக்கும். ரெஞ்ச் கழற்றத்தான், இறுக்க அல்ல. கூடு வகையானால் மூடியிலேயே எவ்வளவு இறுக்குவது என்று அச்சிட்டிருப்பார்கள், பல வண்டிகளில் 25 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மூடி, அதிகம் இறுக்கினால் விரியும்.

புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். சின்ன கார்களுக்கு மொத்தம் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும், புது ஃபில்டர் நிறைய அந்த நேரம் வேண்டும். அதுவரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்து ஃபில்டரையும் போல்ட்டையும் பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, சமதளத்தில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டவும் கூடாது. மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்துக்கு அப்புறம்

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. வண்டிகள் சீட் வரைக்கும் மூழ்கி நின்றன. அப்படி நின்ற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கும் இல்லை, மாதக் கணக்கும் இல்லை. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இழுவை வண்டியில் ஏற்றி ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள், இன்சூரன்ஸுக்குப் படமும் எடுத்து வையுங்கள். அங்கே ஆயில், ஃபில்டர் மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து இரண்டாம் முறை ஆயில், ஃபில்டர் மாற்றுவார்கள். தண்ணீர் பட்டு ஊறிய காகிதம் வடிகட்டும் சக்தியை இழந்துவிடும் என்பதால், 'இப்பதானே மாத்தினேன்' என்று அந்த இரண்டாவது ஃபில்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பழைய ஆயிலைத் தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. நம் ஊரில் வாய்க்கால் எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி வையுங்கள். ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து, வடிந்ததைக் கேனில் சேருங்கள். பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்துச் சேகரிப்பவர்களிடம் கொடுக்கும் ஒர்க்ஷாப்புகள் இருக்கின்றன, விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். யாராவது சென்ட்ரிங் பலகைக்குப் பூச வேண்டும் என்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், கடைசியில் அது மண்ணுக்குத்தான் போகும்.